திங்கட்கிழமைக்காரர்

திங்கட்கிழமைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. இந்த இனத்தைப் பார்க்க நீங்கள் எங்கும் பயணம் போக வேண்டியதில்லை. உங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார், உங்கள் உறவில் குறைந்தது இருவர் இருக்கிறார்கள், நீங்கள் முடிவெட்டிக்கொள்ளும் கடையில் கத்தரிக்கோலோடு ஒருவர் நிற்கிறார். பார்க்கச் சாதாரணமாகத்தான் இருப்பார். ஆனால் எதையும் அவர் புதன்கிழமை தொடங்க மாட்டார். வியாழக்கிழமை காலையில் கண்ணாடியில் தொப்பை கண்ணில் பட்டால் பதறுவார், வருந்துவார், வயிற்றை எக்கிப் பார்ப்பார், மூச்சு முட்டி விட்டுவிடுவார், பிறகு திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று அந்தத் தொப்பையிடமே சொல்லிவிட்டு, இடைப்பட்ட நாட்களில் அதற்கு ஒரு குறையும் வைக்காமல் வழியனுப்பு விருந்து நடத்துவார். திங்கள் விடிந்தால் ஆளே வேறு. செவ்வாயன்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் உபதேசம். புதனன்று லேசான அசதி. வியாழனன்று அதைப் பற்றி யாராவது விசாரித்தால், விசாரித்தவர்மேல் கோபம்.

நாம் பார்க்கப்போகிறவர் இந்த இனத்தில் முதல் தரம். தொழிலால் லிஃப்ட் மெக்கானிக். பெரிய சாலையை ஒட்டி வரிசையாக நிற்கும் அடுக்குமாடிக் கட்டடங்களில் பாதிக்குமேல் அவர் கையில்தான் ஏறி இறங்குகின்றன. தொழிலில் ஒரு குறை சொல்ல முடியாது. எந்த மோட்டாருக்கு எப்போது எண்ணெய் வைக்க வேண்டும், எந்தக் கதவு எந்த மழைக்கு முரண்டு பிடிக்கும், எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. ஆனால் அதையெல்லாம் அவர் பழக்கம் என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. அது வேலை. பழக்கம் என்றால் அவருக்கு வேறு. பழக்கத்துக்கு ஒரு தொடக்க விழா வேண்டும்.

விழா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடத்தில் நடக்கும். மனைவியையும் மகளையும் சோபாவில் உட்காரவைத்து, டிவியை அணைத்துவிட்டு, அதற்கு முன்னால் நின்றுகொண்டு பேசுவார். மனிதன் என்பவன் பழக்கங்களின் மூட்டை என்று தொடங்குவார். இதுவரை வீணாய்ப்போன காலத்தைக் கொஞ்சம் திட்டுவார். கடைசியில் அறிவிப்பு. பச்சைத் தண்ணீர்க் குளியல் அப்படி அறிவிக்கப்பட்டதுதான். அதிகாலை ஓட்டம், சாப்பாட்டை எண்ணி எண்ணி மெல்லுவது, தினம் அரைமணி நேரம் கைபேசியைத் தொடாமல் இருப்பது, வெளிநாட்டு மொழி ஒன்று கற்பது, எல்லாம் அந்த டிவியின் முன்னால் பிறந்தவை. எல்லாம் அந்த வாரத்திலேயே கண்ணை மூடியவை. அந்த வெளிநாட்டு மொழியில் இன்றைக்கும் அவருக்கு ஒரே ஒரு வாக்கியம் தெரியும்: "என் மாமாவிடம் ஒரு குதிரை இருக்கிறது." அவருக்கு மாமாவே கிடையாது.

மகள் கல்லூரியில் படிக்கிறவள். அப்பாவின் பேச்சைக் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுவிட்டு, முடிவில் ஒரே ஒரு சந்தேகம் கேட்பாள். இது எதுவரைக்கும் என்பதுதான் அது. வியாழக்கிழமை அவளுக்குப் பரீட்சை இருக்கும். அதற்குள் முடிந்துவிடுமா என்று தெரிந்தால் தேவலை.

மனைவி ஒன்றும் கேட்க மாட்டாள். அவளுக்கு இந்த இனத்தோடு பழக்கம் அதிகம். பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள் அவள். இனிமேல் தினம் இரண்டு வேளை பல் தேய்ப்பேன் என்று சொல்லாத வாய் ஒன்றுகூட அந்தக் கிளினிக்கை விட்டு வெளியே போனதில்லை. சொன்ன வாய்களெல்லாம் அடுத்த வருஷம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரும். அவளும் முதல்முறை கேட்பது போலவே சிரித்து, உட்காரச் சொல்வாள். வீட்டிலும் அதே சிரிப்புத்தான். தொழில் அப்படி.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஒரு நாள் ஒரு தடங்கல் வந்தது.

பூங்காவுக்கு எதிரே உள்ள எட்டு மாடிக் கட்டடத்தில் மின்சாரம் போய் லிஃப்ட் நின்றுவிட, நம்மவர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உச்சியில் இருக்கும் இயந்திர அறைக்குப் படியேற வேண்டியதாயிற்று. மூன்றாவது மாடி வரை விசில் அடித்துக்கொண்டு போனார். நான்காவதில் விசில் நின்றது. ஐந்தாவதில் கைப்பிடிச் சுவர் அவரைப் பிடித்துக்கொண்டது. ஆறாவது மாடியில், தலை முழுக்க நரைத்த வக்கீலம்மா ஒருவர் தன் வீட்டுக் கதவைத் திறந்து பார்த்து, உள்ளேயிருந்து ஒரு நாற்காலியையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் கொண்டுவந்து வைத்தார். அந்த அம்மாள் அப்போதுதான் கீழேயிருந்து காய்கறிப் பையோடு அதே படியில் ஏறி வந்திருந்தார். அவருக்கு மூச்சு வாங்கவில்லை. "நிதானமா, தம்பி. ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிப் பக்கத்திலேயே நின்றார்.

திட்டியிருந்தால்கூட நம்மவர் தாங்கியிருப்பார். அந்த அன்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அந்த ஞாயிறு விழாவில் அறிவிப்பு சுருக்கமாக வந்தது. "இனிமே நான் லிஃப்ட்ல கால் வைக்க மாட்டேன்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, அதான உங்க வேலை."

பழுது பார்க்கும்போது மட்டும் உள்ளே ஏறுவேன், மற்றபடி எந்தக் கட்டடமானாலும் எத்தனை மாடியானாலும் படிதான் என்று அவர் விளக்கினார். அவளுக்கு அது விளங்கியதோ இல்லையோ, திங்கட்கிழமை அவர் ஏறத் தொடங்கிவிட்டார்.

இங்கேதான் ஓர் அதிசயம். செவ்வாய் போனது, புதன் போனது, எமகண்டமான அந்த வியாழனும் போனது. நம்மவர் ஏறிக்கொண்டே இருந்தார். அடுத்த திங்களும் வந்தது. அப்போதும் ஏறினார். ஏன் என்று கேட்கிறீர்களா? அதிகாலை ஓட்டத்தை யார் பார்த்தார்கள்? இரண்டு நாய்களும் ஒரு பால் வண்டிக்காரரும். பச்சைத் தண்ணீர்க் குளியலை யார் பார்த்தார்கள்? நல்லவேளை, யாரும் இல்லை. மாடிப்படி அப்படியா? ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதவு திறக்கும், ஒரு முகம் எட்டிப் பார்க்கும், லிஃப்ட்காரரே படியில் வருகிறாரே என்று ஒரு புருவம் உயரும். அந்தப் புருவம்தான் அவரை அடுத்த மாடிக்குத் தூக்கிவிட்டது.

நேராகச் சொல்லிவிட்டால் பெருமையடித்தது போலாகும் என்று, கேட்டவர்களிடமெல்லாம் அடக்கமாக ஒரு புன்னகையோடு "சும்மாதான்" என்றார். வக்கீலம்மா மட்டும் சும்மாவில் திருப்தியடையும் ஆளில்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, லிஃப்ட் நல்லாத்தானே ஓடுகிறது, நீங்கள் ஏன் ஏறுவதில்லை என்று நிறுத்திக் கேட்டார். பூத்து நிற்கும் பழக்கத்தைப் பிறர் கண்படச் சொல்லிவிட்டால் வாடிவிடும் என்பது நம்மவரின் நம்பிக்கை. அதனால் குரலைத் தாழ்த்திக்கொண்டு, தன் தொப்பையையும் நுரையீரலையும் மனதில் வைத்து இப்படிச் சொன்னார்: "உள்ள நிலைமை எப்படின்னு எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சதுக்கு அப்புறம் அதுல ஏற மனசு வரல."

சொல்லிவிட்டு அடுத்த மாடிக்கு ஏறிப் போய்விட்டார். வக்கீலம்மா லிஃப்ட் கதவைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அன்று மாலைக்குள் சங்கதி எட்டு மாடியும் ஏறி இறங்கிவிட்டது. வாசல் காவலாளியைக் கேட்டார்கள். அவர் உள்ளதைச் சொன்னார்: ஆமாம், இப்போதெல்லாம் மெக்கானிக் லிஃப்டில் ஏறுவதே இல்லை, அத்தனை கனமான பையோடு படியில்தான் போகிறார், எதிரே லிஃப்ட் கதவு திறந்திருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? சமையல்காரரே சாப்பிடாத சாப்பாட்டை யார் தொடுவார்கள்? மறுநாளிலிருந்து அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் தன் விளக்கையும் விசிறியையும் போட்டுக்கொண்டு யாருமில்லாமல் நின்றது. ஏழாம் மாடிக்காரர்கள் அரிசி மூட்டையை ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். நான்காம் மாடித் தம்பதி கைக்குழந்தையோடு கீழ்த்தளத்து நண்பர் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். எட்டாம் மாடியில் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு இறங்கி வந்த ஒருவர், அதற்காகத் திரும்ப ஏறுவதா என்று யோசித்து, அன்று முழுவதும் உலகத்தை மங்கலாகவே பார்த்துக்கொள்ளத் தீர்மானித்தார்.

நம்மவருக்கு இது எப்படித் தெரிந்தது என்கிறீர்கள்? தன்னைப் பின்பற்றுகிறார்கள் என்று தெரிந்தது.

போன வாரம் வெறிச்சோடிக் கிடந்த படிக்கட்டில் இப்போது கூட்டம். பெரியவர்கள், சிறியவர்கள், பையும் மூட்டையுமாகக் குடும்பங்கள். நம்மவர் நெஞ்சு விம்மிப்போனார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று இளைக்கிறவர்களுக்கு ஆலோசனை சொன்னார். மூச்சை மூக்கால் இழுங்கள், வாயால் விடுங்கள், முட்டியில் கைவைத்து அழுத்தாதீர்கள், ஒரு வாரம் கஷ்டமாக இருக்கும், பிறகு பழகிவிடும் என்றார். அவர்களும், உண்மையை மறைக்காமல் தங்கள் உயிரைக் காப்பாற்றியவர் என்ற நன்றியோடு தலையசைத்தார்கள். இப்படி இருதரப்பும் இவ்வளவு மரியாதையோடு ஒருவரையொருவர் தப்பாகப் புரிந்துகொண்டதை அந்தப் படிக்கட்டு அதற்கு முன் பார்த்திருக்காது.

வீட்டில் அவர் கால் தரையில் படவில்லை. ஒரு ஆள் மாறினால் ஒரு கட்டடமே மாறும் என்றார். அடுத்து அந்தத் தெருவே என்றார். அதனால் கம்பெனி மேலாளர் வரச்சொல்லி ஆள் அனுப்பியபோது, பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார்.

மேலாளர் பெண்மணி அதிகம் பேசாதவர். கோபம் வந்தால் இன்னும் குறைவாகப் பேசுவார். நம்மவரை உட்காரச் சொல்லிவிட்டு, எட்டு மாடிக் கட்டடத்துச் சங்கம் நம்மை விட்டு வேறு கம்பெனிக்குப் போவதாகச் சொல்லிவிட்டது, பக்கத்துக் கட்டடங்களும் அதையே யோசிக்கின்றன என்றார். லிஃப்டின் உள்நிலைமை பயங்கரம் என்று நம் மெக்கானிக்கே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாராம்.

நம்மவர் வாயடைத்துப் போனார். பிறகு அடைத்த வாயைத் திறந்து, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். தொப்பையில் தொடங்கி நாற்காலி, சொம்புத் தண்ணீர் வழியாக நுரையீரலில் முடித்தார். மேலாளர் மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். மறுபடி கொஞ்சம் கோணலாக வைத்தார்.

"உங்க உடம்பு நல்லா இருக்கணும். எனக்கும் அது வேணும்" என்றார் கடைசியில். "ஆனா நாம சோறு திங்கிறது லிஃப்டால. அந்தக் கட்டடம் போச்சுன்னா அந்த வரிசையே போகும். வரிசை போச்சுன்னா உங்களுக்குக் குடுக்க எங்கிட்ட வேற வேலை இல்ல. நீங்களே போய் எல்லார் முன்னாலயும் அதுல ஏறிக் காட்டுங்க."

சனிக்கிழமை காலை கீழ்த்தளத்தில் கட்டடமே கூடி நின்றது. நம்மவர் லிஃப்டுக்குள் போய் நின்று, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஏறுங்கள் என்று கூப்பிட்டார். யாரும் அசையவில்லை. தனியாக மேலே போய்க் கீழே வந்தார். மறுபடி போய் வந்தார். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அவர் உயிரோடு இருப்பதைப் பார்த்துக் கூட்டம் ஆச்சரியப்பட்டதே தவிர, ஒரு காலும் உள்ளே வரவில்லை. வக்கீலம்மா முன்னால் வந்தார். காய்கறிப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, நீதிமன்றத்தில் நிற்பது போலவே நின்றார்.

"உள்ள நிலைமை தெரியும்னு எங்கிட்ட சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேம்மா."

"எதுக்குள்ள?"

நம்மவர் கூட்டத்தைப் பார்த்தார். அரிசி மூட்டைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்குழந்தைகூடப் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் தன் வயிற்றின்மேல் கையை வைத்தார்.

"இதுக்குள்ளம்மா" என்றார்.

 காவலாளி முதலில் சிரித்தார், அது எட்டாம் மாடிக்காரருக்குத் தொற்றியது, அப்புறம் யார் சிரிக்கவில்லை என்று பார்க்க ஆளில்லை. வக்கீலம்மா மட்டும் சிரிப்பை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு, வாக்குமூலம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பது போலத் தலையசைத்து, லிஃப்டுக்குள் ஏறி, ஆறாம் நம்பரை அழுத்தச் சொன்னார். அவர் பின்னால் அரிசி மூட்டைக்காரர் ஏறினார். கதவு மூடியது. கட்டடம் தப்பியது, வரிசை தப்பியது, வேலையும் தப்பியது.

தப்பாதது ஒன்றுதான். நம்மவரின் பழக்கம். அன்று பூராவும் ஆட்களை ஏற்றி இறக்கி நம்பிக்கையூட்டியதில், வாரக்கணக்கில் ஏறிய படியெல்லாம் ஒரே நாளில் அடிபட்டுப் போனது.

அன்று சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். நம்மவர் நிறுத்தத்தில் நின்றிருந்தார். அவள் கைப்பையையும் சாப்பாட்டுப் பையையும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். இருவரும் நடந்தார்கள். டயர்க் கடையைத் தாண்டி, மருந்துக் கடையைத் தாண்டி, பூங்காவின் கம்பி வேலியை ஒட்டிப் போகும் சாலை அது. அவர் நடந்ததையெல்லாம் சொன்னார். வயிற்றில் கைவைத்த இடத்தில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. ஆனால் அவர் சிரிக்கவில்லை.

"என்னால ஒண்ணைக்கூடத் தொடர்ந்து செய்ய முடியல" என்றார். "இத்தனை வருஷத்துல ஒரு பழக்கம், ஒரே ஒரு பழக்கம், எங்கிட்ட நின்னிருக்கா சொல்லு."

அவர் இவ்வளவு உடைந்து அவள் பார்த்ததில்லை. மனசு இளகிவிட்டது. இளகிய மனசு யோசிக்காது.

"ஏங்க, நிக்காம என்ன?" என்றாள். "கல்யாணமான வருஷத்துலேர்ந்து தினம் சாயங்காலம் இங்க வந்து நிக்கிறீங்களே. மழைன்னாலும் வரீங்க, காய்ச்சல்னாலும் வரீங்க. அது என்னவாம்?"

நம்மவர் நடுச் சாலையில் நின்றுவிட்டார். உண்மைதான். கல்யாணமான புதிதில் இந்தச் சாலையில் விளக்கு எரியாமல் இருந்தது. இருட்டில் அவள் தனியாக வர வேண்டாமே என்று எதிரே போக ஆரம்பித்தார். விளக்கைச் சரிசெய்துவிட்டார்கள். அவர் போவது நிற்கவில்லை. வீட்டில் டிவி பேசும், கைபேசி பேசும், மகள் பேசுவாள். இவர்கள் இருவரும் பேசிக்கொள்வது இந்தச் சாலையில்தான். நாற்காலியில் படுத்த உடனே குறட்டைவிட்ட நோயாளியைப் பற்றி அவள் சொல்லுவாள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு உள்ளேயிருந்தே தன்னை மிரட்டிய அதிகாரியைப் பற்றி அவர் சொல்லுவார். இதற்கு இதுவரை யாரும் பெயர் வைத்ததில்லை. பெயர் வைக்கத் தோன்றியதும் இல்லை.

அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பகீரென்றது. அது அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் டிவியின் முன்னால் பார்த்திருக்கிறாள்.

"அப்ப நான் தினம் நடந்துகிட்டுத்தான் இருந்திருக்கேன்" என்றார் நம்மவர். "ஒரு முறையில்லாம நடந்திருக்கேன், அவ்வளவுதான்."

மறுநாள் விழா. திங்கட்கிழமை தொடக்கம். பெயர், மாலை நடைப் பயிற்சி.

மனைவி பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஒரு புது மனிதர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கால்களை மாற்றி மாற்றி உதறிக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் தள்ளி நின்றிருந்தார்கள். மணிக்கட்டில் இதயம் துடிப்பதைக் காட்டும் கடிகாரம், நெற்றியில் வியர்வைப் பட்டை. அவள் வழக்கம்போலப் பையை நீட்டினாள். ஒரு தோளில் சுமை ஏறினால் நடையின் சமநிலை கெடும் என்று சொல்லி மறுத்துவிட்டார். அவள் கிளினிக்கில் நடந்த ஒரு வேடிக்கையைத் தொடங்கினாள். நடக்கும்போது பேசினால் மூச்சு கலையும் என்று கைகாட்டி நிறுத்தினார். பிறகு முழங்கைகளை மடித்து வீசிக்கொண்டு கிளம்பினார். டயர்க் கடை வருவதற்குள் அவளை முந்திப் போனவர், மருந்துக் கடையருகே ஒரு புள்ளியானார், பூங்கா வேலியருகே காணாமல் போனார். அவள் இரண்டு பையையும் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அவர் சோபாவில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்து, இன்றைக்கு வேகம் போதாது என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

செவ்வாயும் அப்படியே. புதனன்று கணுக்காலில் ஏதோ பிடித்தது. வியாழனன்று, ஓய்வும் பயிற்சியில் ஒரு பகுதி என்று அறிவித்தார்.

அதற்குப்பின் பஸ் நிறுத்தத்துக்கு யாரும் வரவில்லை.

அவள் இறங்குவாள். ஒரு பார்வை பார்ப்பாள். பைகளைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். அந்த வாரம் கிளினிக்கில் ஒரு மனிதர், வலிக்கும் பல் எது என்று டாக்டர் கேட்டதற்குக் கோபித்துக்கொண்டு, அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களுக்குக் காசு என்று எழுந்து போய்விட்டார். போகிற வேகத்தில் டாக்டரின் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எவ்வளவு நல்ல கதை. வீட்டுக்கு வந்து சமையலறையில் சொல்லிப் பார்த்தாள். மகள் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் ம் கொட்டினாள். அவரிடம் சொல்லலாமென்றால், அவள் வரும் நேரத்தில் அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். கதை ஆறிப்போனது.

அவர் தூங்கவில்லை என்பதை நாம் மட்டும் சொல்லிக்கொள்ளலாம். அந்த நேரம் வந்தால் அவருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. எழுந்து ஜன்னல் வரை போவார், திரும்புவார். டிவியைப் போடுவார், அணைப்பார். அவருக்கும் சொல்ல எத்தனையோ இருந்தது. ஆனால் போக முடியாது. விட்ட பழக்கத்தை நினைத்த நாளில் தொட்டுவிட முடியுமா? அதற்கொரு திங்கட்கிழமை வர வேண்டும். வந்தது. அன்றைக்கு உடம்பு தயாரில்லை. அடுத்ததும் வந்தது. அன்றைக்கு மனசு தயாரில்லை. ஒரு காலத்தில் காய்ச்சலோடு போய் நின்ற இடத்துக்கு, இப்போது போக அவருக்கு ஆயத்தம் தேவைப்பட்டது.

மகளுக்கே பொறுக்கவில்லை. நீயே அப்பாவை வரச்சொல்லிக் கேளேன் என்று அம்மாவிடம் கிசுகிசுத்தாள்.

"கேட்டா திங்கட்கிழமைலேர்ந்துன்னு சொல்வார்டி" என்றாள் அவள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். ஆனால் அன்று தட்டுகளைக் கழுவும்போது அவள் கை வழக்கத்தைவிடச் சத்தம் போட்டது.

பிறகு ஒரு புதன்கிழமை, குளியலறை விளக்கு போய்விட்டது.

மகள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். நம்மவர் வீட்டுச் செருப்பைக் காலில் நுழைத்துக்கொண்டு, பழைய பனியனோடு, பல்பு வாங்கக் கிளம்பினார். மின்சாமான் கடை டயர்க் கடைக்கு இந்தப் பக்கம். பல்பை வாங்கினார், எரிகிறதா என்று போட்டுப் பார்த்தார், அட்டைப் பெட்டியோடு கையில் பிடித்துக்கொண்டு கடையை விட்டு இறங்கினார். வீட்டுக்கு இடதுபக்கம் திரும்ப வேண்டும். அவர் அன்று பகலில் பார்த்த ஒரு முரட்டுக் கதவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். அந்தக் கதவின் கோளாறு எங்கே இருக்கும் என்று பிடிபட்ட நேரத்தில் எதிரே ஒரு பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. அவர் மனைவி இறங்கினாள்.

அப்போதுதான் அவருக்கே தெரிந்தது, தான் எங்கே நிற்கிறோம் என்று.

அவள் பார்த்தாள். பனியன். வீட்டுச் செருப்பு. பல்பு. அவளுக்கு நாக்கு நுனிவரை ஒரு வார்த்தை வந்தது. வந்துட்டீங்களா என்று கேட்டால் போதும், எல்லாம் முடிந்தது. மறுநாளே கடிகாரம் வெளியே வந்துவிடும். அந்த வார்த்தையை அவள் அப்படியே விழுங்கினாள். கிளினிக்கில் அத்தனை வருஷம் சிரிக்காமல் சிரித்துப் பழகிய முகம் அன்றைக்குக் கைகொடுத்தது.

"பல்பு வாங்க வந்தேன்" என்றார் அவர்.

"ம்" என்றாள் அவள். பையை நீட்டினாள்.

அவர் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். டயர்க் கடையைத் தாண்டினார்கள். அப்புறம் அவள், முன்தினம் நடந்ததைச் சொல்வது போல, வலிக்கிற பல் எது என்று ஒரு ஆளை டாக்டர் கேட்டார் என்று ஆரம்பித்தாள். செருப்பு வந்த இடத்தில் அவர் நின்று சிரித்த சிரிப்பில் மருந்துக் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். டாக்டர் அப்புறம் எதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார் என்று நம்மவர் கேட்டார். அந்த ஆளின் செருப்பை என்றாள். மறுபடி நின்றார். பூங்கா வேலியருகே அவர் தன் பழைய அதிகாரிக் கதையையும் அன்றைய முரட்டுக் கதவையும் எடுத்தார். அன்று அவர்கள் நடந்த வேகத்தைக் கடிகாரம் பார்த்திருந்தால், இருவரும் நின்றுகொண்டிருப்பதாகத்தான் சொல்லியிருக்கும்.

வீட்டில், ஈரத் தலையோடு இருட்டில் காத்திருந்த மகள் இருவரும் சேர்ந்து வருவதைப் பார்த்து வாயைத் திறந்தாள். அம்மாவின் கண் அவளை ஒரு வெட்டு வெட்டியது. திறந்த வாயால் மகள், பல்பு எங்கே என்று கேட்டாள். கெட்டிக்காரி.

வியாழக்கிழமையும் அவர் நிறுத்தத்தில் நின்றார். அன்றைக்கு எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை. அவள் எதுவும் கேட்கவும் இல்லை. இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறார். அவர் அதைக் கவனித்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த வீட்டில் இப்போது அம்மாவுக்கும் மகளுக்கும் முழுநேர வேலை. ஞாயிறு விழாக்கள் வழக்கம்போல நடக்கின்றன. போன வாரம் மௌன விரதம் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பே முக்கால் மணி நேரம் நடந்தது. இருவரும் கைதட்டினார்கள்.

நீங்களும் இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். மகிழ்ச்சி. வழியில் எங்கேயோ, பூங்கா வேலிக்குப் பக்கத்தில் என்று வைத்துக்கொள்ளுங்களேன், உங்களுக்கும் ஒரு நல்ல எண்ணம் வந்திருக்கும். நாமும் நம் வீட்டு ஆளை எதிரே போய் அழைத்து வரலாமே, தினம் கொஞ்ச தூரம் பேசிக்கொண்டே நடக்கலாமே என்று. மிக நல்ல எண்ணம், யாரும் குறை சொல்ல முடியாது. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளலாமா? வெளியில் சொல்ல வேண்டாம், மனசுக்குள் சொன்னால் போதும்.

எந்தக் கிழமையிலிருந்து என்று நினைத்தீர்கள்?